மூணு வருஷத்துக்கும் ஸ்காலர்ஷிப், ஜெனி!

என் செல்ல ஜெனி,

சீட் கிடைத்துவிட்டதடி! சீட் மட்டுமில்லை, ஸ்காலர்ஷிப்பும். அதுவும் முதல் வருஷத்துக்கு மட்டுமில்லை, படிப்பு முடிகிற வரைக்கும். வீட்டில் சொல்லிவிட்டேன், தெருவில் சொல்லிவிட்டேன், ஆவடி மார்க்கெட்டில் அத்தாவுக்குத் தெரிந்த வெங்காயக் கடைக்காரர் வரைக்கும் செய்தி போய்விட்டது. ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் நெஞ்சு அடங்கமாட்டேன் என்கிறது.

பிளஸ் ஒன் படித்தபோது, அந்த மழைக்காலத்தில், காய்ச்சல் என்று லீவு போட்டாய். திங்கட்கிழமை வந்துவிடுவேன் என்று போனில் சொன்னாய். வரவேயில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து உன் பக்கத்திலேயே உட்கார்ந்து பழகியவளுக்கு, அதற்கப்புறம் போர்டைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அந்த வருஷம் மார்க் சரிந்தது. பிளஸ் டூவில் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன். கணக்கில் முழு மார்க் வாங்கிவிட்டேன் தெரியுமா? நீ இருந்திருந்தால் நீயும் வாங்கியிருப்பாய். அப்புறம் எதை வைத்து நாம் சண்டை போட்டிருப்போம்?

ரிசல்ட் வந்த சூட்டோடு பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபத்தில் காலேஜ் கண்காட்சி நடந்தது. அத்தாவும் நானும் போனோம். ஒரு ஸ்டாலில் கண்ணாடிக் கட்டடத்தின் பெரிய படம், வருகிறவர்களுக்கெல்லாம் ஓசிப் பை. கோட்டு போட்ட ஒருவர் என் மார்க்கைப் பார்த்தார். "உங்க பொண்ணுக்கு மெரிட் ஸ்காலர்ஷிப் உண்டு சார். ஃபீஸ்ல பாதி தள்ளுபடி" என்றார். அத்தாவை யாராவது சார் என்று கூப்பிட்டு நீ கேட்டிருக்கிறாயா? அந்த நிமிஷமே மனசுக்குள் என்னை இன்ஜினியர் ஆக்கிவிட்டார் அத்தா.

மீதிப் பாதிக்கு எங்கே போவது? லோடு அடிக்கிற குட்டி யானை வண்டியை விற்றுவிடுவதென்று திரும்பி வரும் வழியிலேயே முடிவு செய்துவிட்டார்.

"வண்டிய வித்துட்டு நீங்க இன்னா பண்ணுவீங்க அத்தா?"

"எவன் வண்டியாவது ஓட்டிக்கினு போறேன். நீ படி."

அந்த வண்டியை அவர் எப்படித் துடைப்பார் என்று நீ பார்த்திருக்கிறாய். அந்தக் காலேஜை நேரில் பார்க்கப் போனபோது அதே கோட்டுக்காரரிடம் கேட்டேன்.

"சார், இந்தத் தள்ளுபடி நாலு வருஷமும் உண்டா?"

"ஃபர்ஸ்ட் இயருக்கு கன்ஃபார்ம்மா. அப்புறம் உன் பர்ஃபார்மன்ஸ் பாத்து பண்ணுவாங்க."

"எவ்ளோ மார்க் எடுத்தா பண்ணுவாங்க?"

"அது மேனேஜ்மென்ட் முடிவு."

"பஸ் ஃபீஸ், எக்ஸாம் ஃபீஸ்லாம்?"

"அதெல்லாம் தனி."

"நீங்க சொன்னத எழுதித் தருவீங்களா சார்?"

அவர் வாட்ச்சைப் பார்த்தார். நான் அத்தாவைப் பார்த்தேன். வகுப்பில் வாயே திறக்காத நானா இப்படிக் கேட்டேன்? எனக்கே நம்ப முடியவில்லை. எனக்குப் பதிலாக எப்போதும் நீதானே கை தூக்குவாய்!

அதற்கப்புறம் எனக்கு ஒரு வெறியே வந்துவிட்டது. உம்மாவின் போனை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு காலேஜ் ஆபீஸுக்கும் கூப்பிட்டு அதையே கேட்டேன். சிலர் எரிந்து விழுந்தார்கள். சிலர் பொறுமையாகச் சொன்னார்கள். அப்படித்தான் சிட்டிக்குள் அரசு உதவி பெறும் ஒரு பழைய காலேஜில் பி.எஸ்ஸி புள்ளியியல் இருப்பது தெரிந்தது. ஃபீஸ் நம்மால் கட்டக்கூடியதுதான். அங்கே சேருகிறவர்களுக்கு ஒரு அறக்கட்டளை தேர்வு வைத்து ஸ்காலர்ஷிப் கொடுக்கிறது. ஃபீஸ், புத்தகம், ரயில் பாஸ் எல்லாம் அதில் அடங்கிவிடும். எந்தப் பேப்பரிலும் அரியர் வைக்காமல் இருந்தால் மூன்று வருஷமும் தொடரும் என்று அவர்கள் வெப்சைட்டிலேயே போட்டிருந்தது. எனக்குக் கண் பளிச்சென்றது!

சொந்தக்காரர்களுக்குத்தான் பிடிக்கவில்லை. "இவ்ளோ மார்க் வாங்கிட்டு பி.எஸ்ஸியா?" என்று உதட்டைப் பிதுக்கினார்கள். அத்தா மட்டும் ஒரு வாய்ப்புக் கொடுத்தார். "பரீட்சை எழுது. கெடைக்கலைன்னா வண்டி போவுது. ஆள் ரெடியா கீறான்."

எழுதினேன். பாஸ் பண்ணினேன். அம்பத்தூரில் நேர்முகத் தேர்வு, பெரியவர் ஒருவரோடு வரவேண்டும் என்றார்கள். அன்றைக்கென்று பார்த்து அத்தாவுக்கு ஸ்ரீபெரும்புதூர் லோடு. உம்மா மாங்காட்டில், சின்னம்மாவின் பிரசவத்துக்குப் போயிருந்தார். யாரைக் கூப்பிடுவது?

அண்ணனூருக்கு, உன் வீட்டுக்குப் போனேன்.

உன் அம்மாவைப் பற்றி உனக்குச் சொல்லாமல் இருக்க முடியாது ஜெனி. நீ போனதிலிருந்து ஸ்டெல்லா ஆன்ட்டி அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் கம்பெனிக்குப் போவார், வருவார். அவ்வளவுதான். சர்ச்சுக்குக்கூடப் போவதில்லை. நான் போனால் டீ போட்டுக் கொடுப்பார், பேசமாட்டார். அன்றைக்கும் நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று எழுந்தேன்.

"இரு நஸ்ரி" என்று உள்ளே போனார். வெளியே வந்தபோது கட்டியிருந்தது கிறிஸ்துமஸுக்கு நீ எடுத்துக் கொடுத்த நீலப் புடவை.

அம்பத்தூரில் தேர்வு அறைக்குள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். புள்ளியியல் ஏன் என்று கேட்டார்கள். பிடிக்கும் என்பதால் என்றேன், அத்தாவின் வண்டியும் வீட்டில் இருக்கும் என்றேன். ஒருவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். நடுவில் இருந்த மேடம் மட்டும் சிரிக்கவில்லை.

"பிளஸ் ஒன்ல மட்டும் இவ்வளவு கொறைஞ்சிருக்கே, ஏம்மா?"

வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன். அப்போது பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"அந்த வருசந்தான் மேடம் எம் பொண்ணு செத்துட்டா. ரெண்டு பேரும் ஒரே பெஞ்ச்."

ஜெனி, அந்த வார்த்தையை ஆன்ட்டி சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. குரல் உடையவில்லை. மேடம் என் தலையில் இருந்த முக்காட்டையும் ஆன்ட்டியின் கழுத்தில் இருந்த சிலுவையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப நீங்க இந்தப் பொண்ணோட அம்மா இல்லையா?"

"பெத்தவங்க வேற மேடம். ஆனா இவளுக்கு நானும் அம்மாதான். ஸ்காலர்ஷிப் குடுத்துப் பாருங்க, எப்பிடிப் படிக்கிறான்னு."

வெளியே வந்ததும் படிக்கட்டிலேயே உட்கார்ந்து இரண்டு பேரும் அழுதோம். அப்புறம் ஆன்ட்டியே, "பசிக்குதுடி, பஜ்ஜி சாப்பிடலாமா?" என்றார். எத்தனை நாள் கழித்து அவர் பசி என்று சொல்லியிருக்கிறார் தெரியுமா?

அறக்கட்டளையிலிருந்து போன் வந்த நேரத்தைக் கேள். வண்டி வாங்க வந்த ஆள் எங்கள் தெருவில் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

"அத்தா! கெடச்சிருச்சு! மூணு வருசமும்!"

அத்தா சாவியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். கண் நிறைந்துவிட்டது.

"இன்னா பாய், வண்டிய தரியா இல்லியா?" என்றான் அந்த ஆள்.

"இல்ல நைனா. மன்னிச்சுக்கோ. வண்டிக்கு லோடு கீது."

என்ன லோடு என்கிறாய்? நாங்கள்தான்! அத்தாவும் உம்மாவும் நானும் முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டு நேராக அண்ணனூருக்குப் போனோம். ஆன்ட்டி செய்தியைக் கேட்டு என் கன்னத்தைக் கிள்ளிய கிள்ளு இன்னும் வலிக்கிறது. உம்மாவும் ஆன்ட்டியும் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

கிளம்பும்போது ஆன்ட்டி கேட்டார், "எந்த ட்ரெயின்ல போவ நஸ்ரி?" சொன்னேன். "நானும் அதுலயே ஏறிக்கிறேன். பஸ்ஸுல போய்ப் போய் சலிச்சுப்போச்சு." பட்டரவாக்கத்தில் அவர் இறங்கும்வரை இனி தினமும் நாங்கள் ஒன்றாகப் போவோம்.

திங்கட்கிழமை எனக்கு முதல் நாள் ஜெனி. நீயும் வந்திருக்க வேண்டிய நாள். நினைத்தால் சந்தோஷத்தின் நடுவிலேயே ஒரு இடம் வலிக்கிறது. அது வலிக்கட்டும்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஆவடியில் ஏறியதும் லேடீஸ் கம்பார்ட்மென்டில் உன் அம்மாவுக்கு இடம் பிடித்து வைப்பேன். அவர் பேசுகிற நாளில் கேட்டுக்கொள்வேன், பேசாத நாளில் நான் பேசுவேன். உன் பேரைச் சொல்ல நாங்கள் இனிமேல் தயங்கமாட்டோம்.

உன் அம்மாவின் இன்னொரு மகள்,
உன் தோழி
நஸ்ரின்