நரி திரும்பின பக்கம்

என்ரை இஞ்சாருங்கோ,

நல்லா இருக்கிறன். பிரஷர் குளிசை ஒழுங்காப் போடுறன், கத்தாதேங்கோ. ஆனால் உங்களாலை எங்கட இந்த மில்லிக்கன் வீட்டிலை அஞ்சு மாசமா ஒரு வழக்கு. உங்களையும் அந்தச் சீனத்து நரியையும் நான் என்ன செய்யிறது?

பேக்கரியிலை உங்களோடை மா குழைச்ச மிஸ்டர் சென், பிரேக் நேரத்திலை பெட்டி மட்டையிலை கீறிக் காட்டினாரே, அந்த நரிதான். நாய் எண்டு நினைச்சு ரெண்டு நாள் பிழையாவே கதை சொன்னீங்கள். சாகிற நரி, தான் பிறந்த மேட்டுப் பக்கம் தலையைத் திருப்புமாம். பிறந்த இடத்தை மறக்காத ஆளைப் பற்றி அவையள் நாலே எழுத்திலை சொல்லுறது அது.

அது வந்த கதையும் சொன்னீங்கள். ஆதிகாலத்திலை ஒரு பிரபுவுக்குக் கிழக்கிலை தூரத்து நாடொண்டு கிடைச்சுதாம். அங்கை குடியேறியும், அஞ்சு தலைமுறையாச் செத்தவையைப் பழைய ஊருக்கே காவிக்கொண்டுபோய்ப் புதைச்சவையாம். அதை மெச்சேக்கைதான் நரி வந்ததாம். "அப்ப ஆறாவது ஆளை எங்கை புதைச்சவை?" எண்டு நீங்கள் கேக்க, சென் சிரிச்சுப்போட்டு மாவைக் குழைக்கப் போயிட்டாராம்.

உங்கட தம்பி இந்தக் கதையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டார். "நான் வந்து பாக்கேக்கை அண்ணையின்ரை தலை ஜன்னல் பக்கம், அண்ணி. அது கிழக்கு. ஊர்ப்பக்கம். ஊரிலை சண்டை முடியட்டும், அஸ்தியைக் கீரிமலைக் கடலிலைதான் கரைக்கவேணும்." சண்டை எப்ப முடியும்? அதுவரைக்கும் நீங்கள் என்ரை சீலை அலுமாரிக்குள்ளையே இருக்கிறது?

நடந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். வெக்கத்திலை வாய் திறக்கேல்லை. ஆஸ்பத்திரியிலை நான் எப்பவும் கதவடியிலை இருக்கிறனான். அண்டைக்குக் குளிர் தாங்கேலாமல் கதிரையை ஹீற்றரடிக்கு, ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டன். தம்பி தேத்தண்ணி வாங்கக் கீழை போயிருந்தார். நீங்கள் முதல் கதவடியைப் பாத்தீங்கள், ஒருத்தருமில்லை. பிறகு மெல்ல மற்றப் பக்கம் திரும்பி, என்னைக் கண்டபிறகுதான் கண்ணை மூடினீங்கள்.

போன ஞாயிறு சொல்லிப்போட்டன். தம்பி மூக்கைச் சீறிக்கொண்டு, "அப்ப இஞ்சை லேக்கிலை கரைக்க எத்தினை மணிக்குப் போறம், அண்ணி?" எண்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

சனிக்கிழமை உங்களைக் கொண்டுபோறம். மிஸ்டர் சென்னும் லீவு எடுத்திட்டாராம். தண்ணி குளிரும், கோவிக்காதேங்கோ. அந்த ஆறாவது ஆளா நீங்களே இருங்கோவன்.

என்ரை முறை வரேக்கை, உங்கட கதிரை எந்தப் பக்கம் கிடக்குது எண்டு பாத்துத்தான் நான் தலையைத் திருப்புவன். இது சத்தியம்.

உங்கட மனுசி,
பவளம்