நெஞ்சு நிலத்தில் படாமல்

அம்மா,

நேற்றுக் காலையில் உறைமழை பெய்து வாசல் படி நான்கும் கண்ணாடியாய்க் கிடந்தன. பனி இளக உப்புத் தூவலாம் என்று கராஜுக்குள் போனேன். கடையில் வாங்கி வைத்த உப்பில் ஒரு பிடிகூட மிச்சமில்லை. மூலையில் உங்கள் மூட்டை மட்டும்தான் கிடந்தது. வெறும் அரிசிச் சாக்கு, உள்ளே இருபது கிலோ வீதி உப்பு, வாயை உங்கள் பழைய நீலச் சேலைக் கரையால் மடித்து இரட்டை நூலில் போட்ட தையல். என்னை வழியனுப்ப வந்து நிற்கிற சித்தி பின்னால் வந்து கத்தரிக்கோலை நீட்டினார்.

"வெட்டடி பிள்ளை. நாளையிண்டைக்குப் போறவள், இண்டைக்கு வழுக்கி விழுந்து காலை முறிக்கப் போறியோ?"

கத்தரிக்கோலை வாங்கினேனே தவிர, வெட்ட மனம் வரவில்லை. அந்த மூட்டையை எத்தனை நூறு தடவை தூக்கியிருப்பேன்! இப்போது அதன் பக்கத்தில் குந்தியிருந்து, போன சித்திரையில் இருந்து நடந்ததையெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை நான் இராணுவ அதிகாரிப் பயிற்சிக்குப் போகிறேன். தாதி அதிகாரியாக. இதை உங்களுக்கு முதன்முதலில் சொன்ன நேரத்தையும் என் கெட்டித்தனத்தையும் என்ன சொல்ல? நேர்ஸ் லைசென்ஸ் கையில் கிடைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கோயிலில் பூசை முடிந்து காணுகிற எல்லோரிடமும் "மகள் பாஸ் பண்ணீற்றாள்" என்று சொல்லிச் சொல்லி உங்களுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அந்த வாரம் குசினியில் நீங்கள் கறிக்குக் கணவாய் வெட்டிக்கொண்டு நின்றபோது, விண்ணப்பம் போட்டுவிட்டேன் என்றேன்.

"எந்த ஆமி?" என்று கேட்டீர்கள்.

"இந்த நாட்டு ஆமி அம்மா. கனடா."

"ஆமியிலை என்ன இந்த நாடு, அந்த நாடு?"

அதோடு கதை முடிந்தது. நீங்கள் கத்தவில்லை, அழவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பதில் இருந்தது. ஆனால் அடுத்த நாள் விடிய நான் வேலைக்கு வெளிக்கிட்டு, கதவடியில் காலில் சப்பாத்தை மாட்டியபடி "போட்டு வாறன்" என்று விடைபெற்றேன். உள்ளேயிருந்து சத்தமில்லை.

எங்கள் வீட்டில் அப்படி ஒருநாளும் நடந்ததில்லை. அப்பா போன பிறகு நாங்கள் இரண்டு பேர்தான். கோபமோ சண்டையோ, ஒருவர் "போட்டு வாறன்" என்றால் மற்றவர் "கவனமாப் போட்டு வா" என்று சொல்லாமல் இந்தக் கதவு சாத்தப்படுவதில்லை. ஷெல்லடிக்குள் ஒருவர் வெளியே போனால் திரும்பி வருவாரோ என்று தெரியாத காலத்தில் பழகின பழக்கம், அதை இந்த ரொக்ஸ்பரோ வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டோம் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை நீங்கள் நிறுத்தியது எனக்கு எப்படி இருந்திருக்கும்? பஸ்ஸில் இருந்துகொண்டு அழுதேன் அம்மா. ஆனால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறவில்லை. பிடிவாதம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கக்கூடாது.

மூன்று கிழமை. சாப்பாடு வந்தது, உடுப்புத் தோய்ந்தது, கதை மட்டும் இல்லை. அந்த மௌனத்தை உடைத்தது அரிசி.

பயிற்சியின் முதல் வாரத்திலேயே உடற்தகுதிச் சோதனை இருக்கிறது. இருபது கிலோ மணல் மூட்டையை நிலத்திலிருந்து இடுப்புக்கு மேலே முப்பது தடவை தூக்கவேண்டும். மணல் மூட்டைக்கு நான் எங்கே போவேன்? பேஸ்மென்ற்றில் இருந்த அரிசி மூட்டையைத் தூக்கித் தூக்கிப் போட்டேன். பத்தாவது தடவை தொப்பென்று விழுந்த சத்தத்துக்கு நீங்கள் படியிறங்கி வந்தீர்கள்.

"விசரே உனக்கு? தின்னுற அரிசியை நிலத்திலை போட்டு அடிக்கிறாய்?"

மூன்று கிழமைக்குப் பிறகு கேட்ட முதல் வார்த்தை அது. எனக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு வந்தது, அதற்கும் திட்டு விழுந்தது. அன்று பின்னேரம் நான் வேலையால் வந்தபோது அரிசியெல்லாம் வாளிகளுக்குள் போயிருந்தது. சாக்குக்குள் போன பனிக்காலத்தில் மிஞ்சிய வீதி உப்பு. நீங்கள் தையல் போட்டுக்கொண்டிருந்தீர்கள். "அரிசியைக் காப்பாத்தத்தான்" என்றீர்கள், நான் ஒன்றும் கேட்காமலே.

தைக்கும்போது உங்கள் இடது காலை நீட்டி வைத்திருந்தீர்கள். கெண்டைக்காலில் அந்தத் தழும்பு தெரிந்தது. நீங்கள் இடம்பெயர்ந்து தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில், ஷெல் துண்டை எடுத்துவிட்டு ஒரு நேர்ஸ் போட்ட தையல். சின்ன வயதில் எத்தனையோ தடவை கண்டதுதான், அன்றைக்குத்தான் ஒரு நேர்ஸின் கண்ணால் பார்த்தேன். மின்சாரமும் விறைப்பு மருந்தும் இல்லாத இடத்தில் அவ்வளவு சீரான தையல்!

"எல்லாரும் ஓடேக்கை அவ ஏன் அம்மா ஓடேல்லை?" என்று கேட்டேன்.

"அவளுக்கு வேலை கிடந்தது" என்றீர்கள். சொன்னபிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள். நான் ஏன் போகிறேன் என்பதற்கு நான் தேடிக்கொண்டிருந்த பதிலை நீங்களே சொல்லிவிட்டதை இருவரும் விளங்கிக்கொண்டோம். ஆனாலும் அடுத்த நாள் கதவடியில் சத்தமில்லை.

பிறகு வந்தது அந்தப் படுக்கை. அதே சோதனையில் இன்னொரு பகுதி: நிலத்தில் குப்புறப் படுத்திருந்து, எழும்பிப் பத்து மீட்டர் ஓடி, திரும்பவும் படுத்து, எழும்பி ஓடவேண்டும். ஆனி மாதத்து ஞாயிறு ஒன்றில் பின்வளவுப் புல்லில் அதைப் பழகினேன். நீங்கள் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் மூன்றாம் தரம் விழுந்தபோது துணிக்கூடையைக் கீழே வைத்தீர்கள்.

"உதென்ன படுக்கை? செத்த மீன் மாதிரி. தள்ளி நில்லு."

தள்ளி நின்றேன். ஐம்பத்தெட்டு வயதில், பூப்போட்ட வீட்டுச் சட்டையோடு, நீங்கள் புல்லில் விழுந்தீர்கள். மெதுவாகக் குனியவில்லை. விழுந்தீர்கள். கண்மூடித் திறக்கமுன் குப்புறக் கிடந்தீர்கள், இரண்டு முழங்கையும் ஊன்றி, நெஞ்சு நிலத்தில் படாமல், விரல்கள் காதுக்குள், வாய் திறந்தபடி. பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "எல்லாம் சரியா மதாம்?" என்று பிரெஞ்சில் கேட்டார். நீங்கள் படுத்தபடியே "மெர்சி, மெர்சி" என்று நன்றி சொன்னீர்கள்.

"நெஞ்சை நிலத்திலை முட்டவிடாதை. ஷெல் விழுந்து நிலம் அதிரேக்கை ஈரல்குலையெல்லாம் கலங்கும். வாயைத் திறந்து வை, இல்லாட்டிக் காது போயிடும். விளங்குதோ? இப்ப நீ படு."

படுத்தேன். அந்தப் பின்னேரம் முழுக்க என்னைப் படுக்கவைத்து எழுப்பினீர்கள். முழங்கை இரண்டும் புல்லில் உரசிப் பச்சையாய்ப் போயின. உங்கள் முகத்தில் பயமில்லை. எனக்கு அதுதான் ஆச்சரியம். எதை நினைத்து இத்தனை மாதம் பயந்தீர்களோ, அதைச் செய்துகாட்டும்போது நீங்கள் பயப்படவில்லை.

அடுத்த சனி, நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில், என்னைப்போல ஆமிக்குப் போகவிருப்பவர்களைப் பழக்கும் ஓய்வுபெற்ற சார்ஜன்ற் ஒருவரிடம் ஒத்திகைச் சோதனை. காலையில் சப்பாத்தைப் போட்டேன். வழக்கம்போல, பதில் வராது என்று தெரிந்துகொண்டே "போட்டு வாறன்" என்றேன். குசினியிலிருந்து உங்கள் குரல் வந்தது.

"கவனமாப் போட்டு வா."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போயிருக்கமாட்டேன்.

மூட்டை தூக்கியதில் நான்தான் முதல். உப்புக்கு நன்றி. ஆனால் ஓட்டத்தில் சார்ஜன்ற் விசில் ஊதி நிறுத்திவிட்டார். "நெஞ்சு நிலத்தில் படவில்லை. இப்படிப் படுத்தால் கணக்கில் எடுக்கமாட்டார்கள்." திரும்ப ஓடினேன். உடம்பு கேட்கவில்லை. விழுந்ததும் முழங்கை தானாக ஊன்றியது, வாய் தானாகத் திறந்தது. சார்ஜன்ற் பக்கத்தில் வந்து குந்தினார்.

"இப்படிப் படுக்க யார் பழக்கியது?"

"என் அம்மா."

"அவர் படையில் இருந்தவரா?"

"இல்லை. படை குறிவைத்துச் சுட்ட பக்கத்தில் இருந்தவர்."

அவர் தலையாட்டியபடி எழும்பினார். பிறகு, "அவர் காட்டியது சரி. சோதனைக்கு மட்டும் நெஞ்சை வை" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது சிரித்தீர்களே, அந்தச் சிரிப்பு! கண்ணீர் வரச் சிரித்துவிட்டு, "அப்ப நான் ஆமிச் சோதனையிலை பெயில்" என்றீர்கள். அடுத்த ஞாயிறு கோயிலில் சித்தி, "மகள் ஆமிக்கோ போறாள்?" என்று இரகசியமாய்க் கேட்டதற்கு, நாலு பேருக்குக் கேட்கும்படி, "ஓம், ஓபிசரா" என்றீர்கள். அதற்குப் பிறகு ஒருநாளும் கதவடியில் அந்தச் சொல் தவறவில்லை. ஐப்பசியில் உங்கள் இதயம் நின்ற அன்று காலையிலும் சொன்னீர்கள். நான்தான் திரும்பி வந்தேன், நீங்கள் இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை அம்மா. ஆமியின் தெரிவுக் கடிதம் அதற்குப் பதினொரு நாள் பிந்தி வந்தது.

நேற்று மூட்டையை வெட்டவில்லை. நகத்தால் தையலைப் பிரித்தேன், சித்தி முணுமுணுக்க முணுமுணுக்க. உப்பைப் படிகளில் தூவினேன். பத்து நிமிடத்தில் பனிக்கட்டி வெடித்து இளகியது. நீலக் கரையை மடித்து வைத்திருக்கிறேன். கொண்டுபோகவேண்டிய சாமான்களின் பட்டியலில் சேலைக் கரை இல்லை, ஆகவே அது கர்க்லாண்டில் உள்ள சித்தி வீட்டுக்குப் போகும். பரவாயில்லை. ஆமிக்காரர் என் பெட்டியில் தேடி எடுக்கமுடியாத ஒன்று என்னிடம் இருக்கிறது.

முதல் வாரச் சோதனையில் நெஞ்சை நிலத்தில் வைப்பேன். பழகிவிட்டேன், குறித்த நேரத்துக்குள் முடிப்பேன். ஆனால் எங்கோ ஒருநாள், யாரும் நேரம் எண்ணாத இடத்தில் நிலம் அதிர்ந்தால், உங்கள் படுக்கைதான் படுப்பேன். பக்கத்தில் கிடக்கிறவரையும் அப்படியே படுக்கவைப்பேன். அதிர்வு நின்றதும் எழும்புவேன். எனக்கு வேலை கிடக்கும்.

சனிக்கிழமை விடிய, சப்பாத்தைப் போட்டபிறகு, குசினிப் பக்கம் பார்த்துச் சத்தமாகவே சொல்லுவேன்.

அம்மா, போட்டு வாறன்.