இறந்தவன் கொண்டுவரும் ஓலை

வானும் மண்ணும் தத்தம் முறை வழுவாதிருக்க. கானாற்றின் தென்கரை தொடங்கிக் கடல் ஒலி கேட்கும் மட்டும் நிழல் பரப்பும் வெண்குடைக்கு உரியவரும், பகைவர்க்கு இடியும் வறியவர்க்கு மழையும் ஆனவரும், பூந்துறை நாட்டை மடியில் வைத்துக் காப்பவருமாகிய பெருமாட்டி செங்கோதையார் திருமுன்பு, வடகரை வேங்கைமலை நாட்டு வேந்தர் மாவேங்கை வேளின் ஆணையால் எல்லைநாயகம் கூடலன் தலை தாழ்த்தி விடுக்கும் ஓலை. உங்கள் ஏரிகள் தளும்புக. உங்கள் தொழுவங்களில் கன்றின் குரல் ஓயாதிருக்க.

பெருமாட்டி, இவ்வோலையை உங்கள் முன் நீட்டும் கையைச் சற்றே பார்த்தருள்க. அது எங்கள் நாட்டில் இறந்துபோனவன் கை. அஞ்ச வேண்டுவதில்லை. அவன் பேய் அல்லன். வெற்றிலை தந்தால் மெல்லுவான், வெயிலில் நின்றால் நிழல் விழும். ஆயினும் அவன் இறந்தவனே. அது எவ்வாறு என்பதை நடந்தபடி சொல்கிறேன். மலையில் கல் சுமந்து நரை கண்ட பின் எழுத்தாணி பிடித்த கை இது. சொல் கரடாயிருந்தால் பொறுத்தருள்க.

எங்கள் நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. வேந்தர் பிழைக்கமாட்டார் என்று மருத்துவர் கைவிட்டால், அவர் உப்பைத் தின்றவன் எவனேனும் கொற்றவை முன் நின்று, வேந்தர் எழுந்தால் என் தலை உனக்கு என்று நேர்ந்துகொள்ளலாம். வேந்தர் எழுந்துவிட்டால் அவன் தலை தந்தே தீரவேண்டும். தலை தருமுன்னே அவன் உருவைக் கல்லில் செதுக்கி நட்டுவிடுவோம். கண்ணை மட்டும் திறக்கமாட்டோம். வளைத்துக் கட்டிய மூங்கிலில் அவன் குடுமியைப் பிணைப்போம். அவன் தன் கழுத்தில் வாள் வைக்கும் நொடியில் பறை அடி மாறும். அந்த அடி கேட்டதும் மூங்கில் விடுபட்டுத் தலையோடு எழும், கல்லின் கண் திறக்கப்படும், வீட்டில் மனைவியின் தாலி களையப்படும். உடலை விட்ட உயிர் கல்லுக்குள் போய் அமர்ந்துகொள்கிறது என்பது எங்கள் துணிபு. அதன்பின் அவன் பெயர் கல்லினுடையது.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் வேந்தர் நாக்குக் கறுத்து, ஆள் அடையாளம் தெரியாமல் கிடந்தபோது, அவருக்குக் குடை பிடிக்கும் எயினன் என்பவன் அவ்வாறு நேர்ந்துகொண்டான். அவன் மனைவி முல்லியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீர்த்துறையில் குடம் முக்கும்போது பிற பெண்டிர் சொல்லித்தான் அவள் அறிந்தாள். அறிந்தவள் அழவில்லை. குடத்தை இடுப்பில் வைத்து வீட்டுக்கு வந்து, தினையைக் குத்திக்கொண்டே இருந்தாள். வேந்தர் பிழைக்கவேண்டும் என்று ஊரெல்லாம் வேண்டியது. அவளும் வேண்டினாள், எதை வேண்டினாள் என்று அவளுக்கே தெளிவில்லை என்று பின்னாளில் என்னிடம் சொன்னாள். வேந்தர் கஞ்சி குடித்தார் என்ற செய்தி வந்தபோது தெருவெல்லாம் குரவை ஒலித்தது. அன்று அவள் உலக்கையைச் சாய்த்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

குறித்த நாள் விடிந்தது. வானம் மூடி ஈரக்காற்று வீசியது. தோன்றி என்னும் பறையன் புதுத்தோல் போர்த்த பறையைக் கொண்டுவந்திருந்தான்; ஈரத்தில் தோல் தளர்ந்து தொப்தொப்பென்றது. வைக்கோல் கொளுத்தி அதைக் காய்ச்சினான். காய்ந்ததும் விரலால் தட்டினான். நாதம் நன்றாக வந்தது. சாவு அடி எப்போதோ ஒருமுறை அடிப்பது, கை மறந்திருந்தால் மானம் போகுமே என்று எண்ணி, ஒரே ஒரு சுற்று அடித்துப் பார்த்தான்.

பெருமாட்டி, அவனைக் குறைகூற எனக்கு வாய் எழவில்லை. கல்லின் கண் திறப்பவன் திரைக்குள் கல்லை நோக்கியே நிற்கவேண்டும், திரும்பலாகாது. மூங்கிற் கயிற்றைப் பிடித்திருப்பவனுக்குக் கண்ணைக் கட்டியிருப்பார்கள். இருவருக்கும் காது ஒன்றே வழிகாட்டி. அடி கேட்டது. சிற்றுளி இறங்கியது, கல் கண் திறந்தது. கயிறு விடுபட்டது, மூங்கில் வெறுமையாய் விண்ணென்று எழுந்து ஆடியது. ஒப்பாரிப் பெண்டிர் மாரில் அறைந்தார்கள். தெருக்கோடியில் முல்லியின் கழுத்து நூலை அறுத்தார்கள். எல்லாம் நடந்து முடிந்தது. எயினன் மட்டும் குளக்கரையில், மஞ்சள் நீர் சொட்டச் சொட்ட, தலையோடு நின்றுகொண்டிருந்தான்.

அவனுக்கு நீர் வார்த்தவர்கள் பொய் சொல்லாதவர்கள். அடி மாறிய நொடியில் அவன் கையைக் கழுத்தில் வைத்துக்கொண்டு, குளிருது என்றானாம். கையை எடுத்தபோது கழுத்தைச் சுற்றி நூல் கனத்தில் ஒரு செங்கோடு இருந்தது. கீறல் இல்லை, குருதி இல்லை. அந்தக் கோட்டை நானும் கண்டேன். மலை சரிந்து ஆட்கள் புதைந்ததைக் கண்டவன் நான். அன்றுகூட என் உடல் இப்படிச் சிலிர்க்கவில்லை.

கல் நட்டிருந்த கல்மேட்டில் பெருங்குழப்பம். ஒரு தோலைக் காய்ச்சப் போய் ஓர் ஆளையே காய்ச்சிவிட்டாயே என்று தோன்றியைச் சிலர் ஏசினார்கள். பூசகர் மட்டும் கலங்கவில்லை. கண் திறந்த கல் பொய்யாய் நிற்றல் நாட்டுக்கு ஆகாது, மழை போய்விடும், ஆகையால் நாழிகை தாழ்த்தாமல் தலையை வாங்கிக் கல்லை மெய்யாக்குவதே முறை என்றார். பெரியோர் பலரும் தலையசைத்தனர். குளக்கரையிலிருந்து வந்த எயினனும் வாளைக் கேட்டுக் கை நீட்டினான்.

அப்போதுதான் முல்லி கூட்டத்தைப் பிளந்து வந்தாள். அறுந்த தாலிநூல் அவள் கையில் இருந்தது. அதைப் பூசகர் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள்.

"இது எதுக்கு அறுத்தீங்க சாமி? எம்புருசன் செத்துட்டான்னுதானே? செத்தவன மறுபடி எப்பிடி வெட்டுவீங்க? கொற்றவைக்குப் பொணத்தப் படைப்பீங்களா?"

 பிணத்தைப் படைப்பது எங்கள் நாட்டில் பெருந்தீட்டு. அதைச் செய்த ஊர் பாழாய்ப் போனதாகக் கதைகள் உண்டு. பூசகர் இரண்டடி பின்வாங்கினார். வெட்டினால் கல் பொய், வெட்டாவிட்டால் வாக்குப் பொய் என்று ஒருவர் முணுமுணுத்தார். எது பொய்யானாலும் தாலி அறுந்தது மெய்தானே என்று முல்லி அவருக்கும் விடை வைத்திருந்தாள்.

ஆனால் அவளுக்குப் பெரும்பகை பூசகர் அல்லர், கணவனேதான். அவன் தலை கவிழ்ந்து நின்று, "வாக்குக் குடுத்தேன் புள்ள. நாளைக்கு நான் தெருவுல நடந்தா, பொய்யன் போறான்னு நாய்கூடக் கொலைக்கும். என்னைய விட்ரு," என்றான்.

முல்லி கல்லின் அருகே போய் அதன் புதுக்கண்ணை உற்றுப் பார்த்தாள். அவள் எயினனை முதன்முதல் கண்ட நாளில் அவன் பார்த்த பார்வையே அந்தக் கல்லில் இருந்தது என்பாள். பின் திரும்பி, உரக்கப் பேசாமல், அவனுக்கு மட்டும் சொல்வதுபோல் சொன்னாள்.

"நீ குடுத்துட்ட. கொற்றவை வாங்கிட்டா, அந்தா கல்லுக்குள்ள நீ உக்காந்திருக்க பாரு. இங்க நிக்கிற இந்த ஒடம்பு ஒன்னுது இல்ல. படைச்சது போக எனக்கு மிஞ்சினது. மிச்சத்த எங்கிட்டருந்து புடுங்க நீ யாரு?"

அவன் கை தானாகத் தாழ்ந்தது.

செய்தி அரண்மனை எட்டியது. எங்கள் வேந்தர் இன்னும் இருவர் தாங்கலில் நடப்பவர். ஆயினும் பல்லக்கு வேண்டாம் என்று கல்மேட்டுக்கு நடந்தே வந்தார். கல்லையும் ஆளையும் மாறிமாறிப் பார்த்தார். தம் கையால் அந்தச் செங்கோட்டைத் தொட்டார். என் உயிருக்கு ஓர் உயிர் போயாகிவிட்டது, கல் சாட்சி, இருமுறை வாங்க எனக்கு உரிமையில்லை என்று தீர்ப்புரைத்தார். அன்று மாலையே மழை கொட்டியது. ஆகவே தேவிக்கும் அது உடன்பாடே என்று ஊர் கொண்டது.

உயிர் தப்பியது, இடம் தப்பவில்லை. இறந்தவனுக்கு எங்கள் நாட்டில் அடுப்பில்லை, வயலில்லை, அவனைப் பெயர் சொல்லி அழைப்பாரில்லை. எதிரே கண்டால் தாய்மார் பிள்ளைகளை முந்தானையில் மூடுகிறார்கள். அவனைப் பெற்றவளே அவனை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. நாள்தோறும் சோறு வடித்துக் கல்லுக்குப் படைத்துவிட்டுப் போகிறாள். அவன் புளியமரத்துப் பின்னே பசியோடு நின்று, அவள் போனதும் வந்து அந்தச் சோற்றை உண்கிறான். இலை ஒழிந்திருப்பதைக் கண்டு ஊரார், கல் உண்கிறது என்று வியந்து கையெடுக்கிறார்கள். அவன் என்னிடம் ஒருமுறை, "அம்மா கல்லுக்குன்னா நெய் ஊத்துது நாயகரே, அப்பல்லாம் எனக்கு மோர்தான்," என்று சிரித்தான். சிரித்தவன் அப்படியே முகத்தை மூடிக்கொண்டான்.

இப்போது இளைஞர் சிலர், கல்லும் ஆளும் ஒரே நாட்டில் இருத்தல் தகாது என்று அரிவாள் தீட்டுவதாகக் கேள்வி. வேந்தர் ஆணை எத்தனை நாள் ஒரு நிழலைக் காக்கும்? ஆதலால் அவனை உங்கள் நாட்டுக்கு விடுக்கிறோம். அங்கே அவன் இறக்கவில்லை. உங்கள் மண்ணில் அவனுக்குக் கல் இல்லை.

பெருமாட்டியிடம் எங்கள் வேந்தர் இரந்து கேட்பன இவை. அவனுக்கு ஒரு புதுப்பெயர் இட்டருள்க. குடைக்கீழும் வாள்வரிசையிலும் அவனை நிறுத்தாதீர்கள். உப்பு எவருடையதோ அவருக்குத் தலையை நேர்ந்துவிடும் இயல்பினன். நீர் பாய்ச்சவோ கரை கட்டவோ விடுக. அவன் நலமாயிருப்பதாக எங்களுக்கு ஓலை விடுக்க வேண்டா. இங்கே அவன் தாய் படைத்துக்கொண்டிருக்கிறாள், அவள் கையிலுள்ள சோற்றைக் கலங்க வைக்கலாகாது. அவன் போன பின் இலையில் சோறு எஞ்சுமே என்று முல்லி கவலையுற்றாள். காகங்கள் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி அனுப்புகிறேன்.

வடகரைக் காவலர்க்கு வேந்தர் இட்டிருக்கும் ஆணை இது: வெள்ளையுடுத்த கைம்பெண் ஒருத்தி ஓர் ஆண்மகன் பின்னே துறைக்கு வருவாள். எவரும் மறிக்கலாகாது. அவன் பெயரை எவரும் கேட்கலாகாது. ஓடக்காரன் இருவரையும் ஒரே ஓடத்தில் ஏற்றுக. மறுப்பவன் மாவேங்கை வேளின் சினத்துக்கு ஆளாவான்.

தென்கரைக்கு ஆணையிட எங்களுக்கு உரிமையில்லை. ஆகவே ஒன்றை உங்களிடம் வேண்டுகிறோம். இவ்வோலை உங்கள் கை சேரும் மட்டும் அவள் ஓடத்தைவிட்டு இறங்காமல் துறையிலேயே காத்திருப்பாள். ஆற்றின் இந்தக் கரையில் அவள் கணவனை இழந்தவள். அந்தக் கரையில் அவள் கால் நனைந்து மண்ணில் ஏறும்போது, உங்கள் நாட்டு மங்கலப் பெண்டிருள் ஒருத்தி துறையில் நின்று, ஒன்றும் கேளாமல், அவள் தலையில் பூ வைக்குமாறு பணித்தருள்க.

வேங்கைப்பூப் பொறித்த அரச இலச்சினை இட்டு, வேந்தர் முன்னிலையில் படித்துக் காட்டி, கூடலன் தன் கையால் எழுதிக் கட்டிய ஓலை. இதனை அவிழ்க்கும் கை வாழ்க. இதன்வழி நிற்கும் நாடு நெடிது வாழ்க.