வியட்நாமில் எங்களுக்கு ஆர்?

14 நவம்பர் 2018, புதன்

பாரிஸ் லா சப்பலில், எங்கட ஆக்களின் மரக்கறிக் கடையில் பூமணி அக்கா கேட்டது இன்னும் மனதைக் குடைகிறது.

“வியட்நாமிலை உங்களுக்கு ஆர் இருக்கினம்? கலியாணமோ, செத்தவீடோ?”

“ஒருத்தரும் இல்லையக்கா. சும்மா பார்க்கப் போனனாங்கள்.” எவ்வளவு பெருமையாகச் சொன்னேன்! அவர் நம்பவில்லை.

நானும், ஊருக்குச் சொந்தக்காரரிடம் போகிற பழக்கதோஷத்தில், பெட்டி நிறையச் சொக்லேட்டும் சவர்க்காரமும் அடுக்கியிருந்தேன். ஹனோயில், மோட்டார்சைக்கிள் வெள்ளத்தைக் கடந்து அறைக்கு வந்து திறந்தபோது, இவர், “இதெல்லாம் ஆருக்கு?” என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

ஹாலோங் விரிகுடாவில், படகென்றாலே நடுங்குகிற மனிசன் மேல்தளத்தில் நின்று கடலுக்குள் எழுந்த மலைகளைப் பார்த்தார். நான் பெட்டியிலிருந்த அத்தனையையும் படகின் சமையற்காரியிடம் கொடுத்தேன். இறங்கும்போது அவள் என் பைக்குள் கணவாய்க் கருவாட்டைத் திணித்துவிட்டாள்.

அக்காவை மறுபடி கண்டால் சொல்ல வேண்டும்: “ஓம், இப்ப அங்கை ஒருத்தி இருக்கிறா.”