புகாரே வராத நிலையம்

மார்ச் 3, காலை 6.00. காற்று அறை.

நான் "வேண்டாம்" என்று சொன்னேன். அவர்கள் "சம்மதம்" என்று எழுதிக்கொண்டார்கள். நடந்த அநியாயம் இதுதான். பூமியில் கேட்கும் கேள்வி இந்தச் சிறுகோளுக்கு வந்து சேர இருபது நிமிடம். என் பதில் திரும்பிப் போக இன்னொரு இருபது. அதற்குள் புது நிர்வாகியை அமர்த்திக் கூட்டத்தை முடித்துவிட்டார்கள். பதில் வராத பங்குதாரர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்டதாகக் கணக்காம்.

என் பெயர் வையாபுரி. வயது எழுபத்தொன்று. காற்று இயந்திரம் என் பொறுப்பு. பம்புசெட்டைப் பிரித்துப் பிரித்துத் தொழில் கற்றவன். சம்பளத்தில் பாதியைப் பணமாக வாங்காமல் பங்காக வாங்கியவன். ஆகவே நானும் முதலாளிதான்.

வழக்கமான விவரம்: கரியமில வாயு அளவோடு இருக்கிறது. பனி வெட்டும் பதினான்கு பேரும் நலம். அழுக்கு வடிகட்டித் துணிகள் மூட்டை கட்டப்பட்டன. பனி ஏற்றும் ஆளில்லாக் கப்பலில் நிலவுத் துறைமுகத்துக்குப் போய், கழுவப்பட்டுத் திரும்பும்.

மார்ச் 4, மாலை 5.20.

கூட்டத்தின் பதிவு முழுதாக வந்தது. கோவையில் நடந்தது. தலைவர் சிவமலை, புதிய நிர்வாகி நிரஞ்சனுக்காகப் பரிந்து பேசுகிறார்.

"மூணு நிலையத்த நடத்துன ஆளுங்க. மூணுலயும் செலவு பாதியாச்சு. மூணுலருந்தும் இன்னை வரைக்கும் ஒரு புகார் வந்ததில்லீங்க."

"அதுதானுங்க எனக்கு ஒப்பல." இது மரகதமணி, சிறு பங்குக்காரர். "எங்க ஊட்டுல நாலு பேரு. தினமும் எட்டுப் புகாரு. அங்க ஒருத்தருக்குக் கூடச் சாம்பார்ல உப்புக் கூடலீங்களா?"

"அக்கா, உங்க ஊட்டுக்கும் அவரையே மேனேஜராப் போட்டுடலாம்."

சிரித்தார்கள். உடனே அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்கள். மரகதமணி கேட்டதையேதான் நானும் கேட்கிறேன். மனிதர்கள் வாழும் இடத்தில் எப்படிப் புகார் இல்லாமல் போகும்?

மார்ச் 20, காலை 9.00.

நிரஞ்சனிடமிருந்து இரண்டு உத்தரவுகள். ஒன்று: காற்று இயந்திரத்தில் கரியமில வாயுவைப் பிரிக்க வரவேண்டிய புதுச் சவ்வு ரத்து, பழையதே போதும். இரண்டு: எல்லா வானொலிச் செய்திகளும் இனித் தலைமை அலுவலகத்தின் புது மென்பொருள் வழியாகத்தான் போகும். தெளிவாகக் கேட்பதற்காக என்கிறார்.

சவ்வின் ஓரம் பிரிந்துவிட்டது, மே மாதத்துக்கு மேல் தாங்காது என்று செய்தி அனுப்பினேன். பதில்: "உங்கள் பாராட்டுக்கு நன்றி."

நான் யாரையும் பாராட்டவில்லை.

ஏப்ரல் 11, மாலை 4.00.

நிரஞ்சன் முன்பு நடத்திய நிலையம் ஒன்றில் ரோஸ்லின் இருக்கிறாள். தூத்துக்குடிக்காரி. என்னோடு வேலை பார்த்தவள். அவளுடைய பழைய செய்தி ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன்: "ஏ அண்ணாச்சி, கக்கூஸ் பம்பு அனுப்புதேன் அனுப்புதேன்னு எத்தன மாசம்? இங்க வந்து ஒருநா மூக்கத் தொறந்து பாரும். மனுசன் இருக்க எடமா இது?"

அவளைக் கூப்பிட்டேன். வந்த பதில்: "வணக்கம். இங்கே எல்லாரும் நலம். நிர்வாகம் நன்றாகக் கவனித்துக்கொள்கிறது."

அவள் குரல்தான். ஆனால் எனக்கு அவள் ஒருநாளும் வணக்கம் சொன்னதில்லை. வேண்டுமென்றே, அவள் மீன் குழம்பை நாய்கூட நக்காது என்று சொல்லி அனுப்பினேன்.

"உங்கள் கருத்துக்கு நன்றி. இங்கே எல்லாரும் நலம்." மூச்சை இழுத்துவிடும் இடம்கூட முதல் பதிலில் இருந்தது போலவே இருந்தது.

மே 26, காலை 11.30.

கரியமில வாயு ஏறுகிறது. எல்லாருக்கும் தலைவலி. மூன்று பேர் படுக்கையில். சவ்வை நூல் போட்டுத் தைத்திருக்கிறேன். தினமும் எச்சரிக்கை அனுப்புகிறேன். தினமும் நன்றி வருகிறது.

இன்று பங்குதாரர் கூட்டம்; ஒலிபரப்பைக் கேட்டேன். சிவமலை சொன்னார்: "இப்ப நம்ம வையாபுரி அண்ணன் பேசறாருங்க."

என் குரல் பேசியது. "வணக்கம். புதிய நிர்வாகி வந்த பிறகு இங்கே காற்றே இனிக்கிறது. எந்தக் குறையும் இல்லை."

கைதட்டல். கூட்டத்தில் ஒருவர்: "பாருங்க, அந்தக் கெழவனையே வழிக்குக் கொண்டாந்துட்டாரு. இனி என்ன பேச்சு?"

மரகதமணி மட்டும், "அண்ணன் இப்படி நயமாப் பேசற ஆளே இல்லீங்களே" என்றார். அவரை உட்காரச் சொன்னார்கள்.

கணினியில் என் மார்ச் 3 நாட்குறிப்பைத் திறந்து பார்த்தேன். முழு மனதோடு சம்மதித்தேன் என்று இருக்கிறது. எல்லாவற்றையும் நினைவிலிருந்து வடிகட்டித் துணியில் கிரீஸ் பென்சிலால் மறுபடி எழுதுகிறேன். துணியை அந்த மென்பொருளால் தொட முடியாது.

ஜூன் 9. நேரம் பார்க்கவில்லை.

தையல் விட்டுவிட்டது. ஐந்து பேர் எழுந்திருக்கவில்லை. துணி மூட்டை இன்று கப்பலில் போகிறது. கப்பலில் ஆளுக்குக் காற்று கிடையாது. இருந்தால் இவர்களை ஏற்றியிருப்பேன். நிலவுக்குப் போய்ச் சேர ஒரு மாதம். எனக்குக் கணக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். செய்ய வேண்டியவை:

துணி கழுவுகிறவர்: இதை வானொலியில் படிக்கக் கூடாது. கோவைக்குப் போகிறவர் கையில் கொடுத்து மரகதமணியிடம் சேர்க்க வேண்டும்.

துறைமுகப் பொறுப்பாளர்: ரத்தான சவ்வை அடுத்த கப்பலில் ஏற்ற வேண்டும். யார் கையெழுத்தும் வேண்டாம். விலைக்கு என் பங்கை எடுத்துக்கொள்ளுங்கள்.

மரகதமணி: என்னைக் கூப்பிட்டு, என் வேலை மட்டம் என்று சொல்ல வேண்டும். திட்டினால் அது நான். நன்றி சொன்னால், பேச்சை நிறுத்திவிட்டு ஆளை அனுப்ப வேண்டும்.

சிவமலை: என் வாக்கைத் திருத்த வேண்டும். சம்மதம் இல்லை. செத்தாலும் இல்லை.

நிரஞ்சன்: இங்கே வந்து இந்தக் காற்றில் மூச்சு விட வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

ரோஸ்லின் நிலையத்துக்கும் மற்ற இரண்டுக்கும் ஆள் நேரில் போக வேண்டும். கதவைத் தட்ட வேண்டும். உள்ளே இருந்து வணக்கம் என்று கேட்டால் நம்பக் கூடாது. உடைத்துப் பார்க்க வேண்டும். போக வேண்டியவர்