பண்டாராயா மீனும் ஒன்பதாவது ராசியும்

செவ்வாய், இரவு

எங்கள் வண்ணமீன் கடைக்கு ஓர் ஆன்டி கொண்டுவந்த தொட்டி பிஸ்கட் டின் அளவுதான் இருந்தது. அதைத்தான் முதலில் கவனித்தேன். கிள்ளானில் புது வீடாம். ராசிக்கு எட்டுச் சிவப்புத் தங்கமீனும் ஒரு கறுப்பும் கேட்டார்.

எங்கள் கடை முதலாளி, கண்ணாடியில் வாயால் உறிஞ்சி ஒட்டிக் கிடந்த கறுப்புப் பண்டாராயா மீனைக் காட்டினார். "கறுப்புக்கு இதை விடுங்க ஆன்டி. பாசியைத் தின்னு க்ளீன் பண்ணிடும் லா."

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து வாடிக்கையாளர்களிடம் நான் பேசியதே இல்லை. இன்று பேசிவிட்டேன்.

"வேணாம் ஆன்டி. அது ஓரடி வளரும். தங்கமீன் மேலயே ஒட்டி உறிஞ்சும். இந்தத் தொட்டிக்கு ஒரு தங்கமீன்கூட தாங்காது. குட்டி கப்பி மீன் அஞ்சு விடுங்க."

ஆன்டி எதுவும் வாங்காமல் போய்விட்டார்.

"ஃபோர்ம் த்ரீ படிப்பைக்கூட முடிக்கல, டீச்சர் வேலை பாக்குறியா?" என்றார் முதலாளி. "நாளைக்கு வாயை மூடிக்கிட்டு வா. இல்லாட்டி வராதே."

முடிக்கவில்லைதான். ஆனால் தினமும் செத்த மீன்களை வலையில் அள்ளுவது நான், அவர் இல்லை. வேலை போனால் அம்மாவிடம் என்ன சொல்வது...

போவேன். வாயை மூடிக்கொண்டே போவேன்.

பழைய காலண்டர் அட்டையில் மார்க்கரால் பெரிதாக எழுதினேன்: "ஓரடி வளரும். தங்கமீனோடு விடாதீர்கள்." செலோடேப்போடு பைக்குள் வைத்துவிட்டேன்.