வெயில் ஏறினால் இறங்கும் தண்ணீர்

அன்பு மகளுக்கு அம்மாவின் முத்தங்கள். இங்கே மூன்று பேரும் நடமாட்டமாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் சளி காய்ச்சல் இல்லாமல் இருந்தால் எனக்கு அதுவே போதும். கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே, தையல் மிஷின் ஊசி விரலில் ஏறிக் கட்டுப் போட்டிருக்கிறது, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். சொன்னதை மட்டும் எழுதடி என்றால் கேட்பதில்லை, நடுநடுவே தான் படித்ததையும் சேர்த்துக்கொள்கிறாள், எது யாருடைய பேச்சு என்று உனக்கே தெரியும். முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்தில் குழந்தையோடு வந்து பின்னறையில் தங்குவதாக எழுதியிருந்தாய் அல்லவா, அந்த அறையில் நீ கால் வைக்கக் கூடாது.

அந்தத் தரைக்குக் கீழேதான் நம் குடிநீர்த் தொட்டி இருக்கிறது. போன மழைக்காலம் முழுக்க ஒரு சொட்டுக் கூட வீணாகக் குறையவில்லை, வெயில் தொடங்கியதிலிருந்து தண்ணீர் நிற்பதே இல்லை, காலையில் நிரப்பினால் சாயங்காலம் பாதி. அப்பா என்னிடம், துணியத் துவைக்கிறியா இல்ல தண்ணியத் துவைக்கிறியா என்று கேட்டார். நான் உன் தங்கையின் குளியலைச் சொன்னேன். அவளோ, ஐஸ் ஃபாக்டரியில வேலை பாக்குறவரு வீட்டுல தண்ணிப் பஞ்சமாப்பா என்று அவரையே மடக்கினாள். கடைசியில் ஒரு விடுமுறை நாளில், யாரும் ஒரு குவளை கூட மொள்ளக் கூடாது என்று பேசிக்கொண்டு மூடியைத் திறந்து வைத்துச் சுற்றி உட்கார்ந்தோம். வெயில் ஏற ஏறச் சுவரில் ஈரக்கோடு எங்கள் கண் முன்னாலேயே இறங்கியது. ஒரு மேகம் வந்து வெயிலை மறைத்தது, தண்ணீர் நின்றுவிட்டது. மேகம் விலகியதும் மறுபடி இறங்கியது. யாரோ சுவருக்கு அந்தப் பக்கம் நின்று குடிப்பதும், மூச்சு வாங்கிக்கொள்ள நிறுத்துவதும் போல இருந்தது. அப்பா விளையாட்டாக, யாருப்பா உள்ள என்று தொட்டிக்குள் குரல் கொடுத்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை, அவருக்கும் வரவில்லை.

உன் தங்கைதான் எழுந்து பின்பக்கம் ஓடினாள். உப்பங்கழி ஓரமாக நிற்கிற கண்டல் மரங்களின் இலைகளை ஒவ்வொன்றாகப் பறித்து நக்கிப் பார்த்தாள். மரம் வெயில் அடிக்கும்போதுதான் தண்ணீர் இழுக்குமாம், மேகம் மறைத்தால் நிறுத்திவிடுமாம், வெயில் காலத்தில் கழியில் உப்பு ஏறிவிடுவதால் இந்த மரங்கள் கஞ்சத்தனமாகக் குடிக்குமாம், உள்ளே போன உப்பை இலை வழியாக வெளியே தள்ளுமாம், மழை பெய்தால் சேற்றின் மேல்மட்டத்தில் தேங்குகிற நல்ல தண்ணீரைத் தாராளமாக இழுக்குமாம், இதெல்லாம் அவள் புத்தகம். எல்லா மரத்து இலையும் உப்புப் பூத்து மங்கிக் கிடக்க, நம் பின்னறைச் சுவரை ஒட்டிய மரம் மட்டும் அடைமழையில் நிற்பது போலப் பளபளத்தது. அதன் இலையை நக்கிவிட்டு, உப்பே இல்லம்மா, இது நம்ம தண்ணி என்றாள். அப்பா டார்ச்சோடு தொட்டிக்குள் தலையை நீட்டினார். கழிப் பக்கத்துச் சுவரில் செங்கலே மிச்சமில்லை, தலைமுடி போன்ற வெள்ளை வேர்கள் பின்னிப் பின்னி அவையே சுவராக நிற்கின்றன. அந்தத் தண்ணீரில்தான் நாம் சமைத்தோம், நீ போன முறை வந்தபோது குழந்தைக்குப் பால் கலக்கினோம்.

நம் வீட்டைக் கட்டிய கொத்தனாரை அழைத்துக் காட்டினோம். அவர் வேரை விரலால் தள்ளியதும் பின்னறைத் தரை லேசாக அசைந்தது. அக்கா, வீட்டத் தாங்குறது இப்ப என் செங்கல் இல்ல, மரத்த வெட்டினா இன்னிக்கே இறங்கிரும் என்றார். மண்ணைக் கொட்டி நிரப்பலாமே என்று அப்பா கேட்டதற்கு, கொட்டுற கனத்துக்கே போயிரும்ண்ணே என்றார். அப்படியே விட்டால் என்ன என்று நான் கேட்டேன், உன் தங்கை முந்திக்கொண்டு, மழை வந்துட்டா அதுக்கு வெளியிலயே நல்ல தண்ணி கிடைக்கும்மா, இந்த வேரு தேவைப்படாது, அழுகிரும் என்றாள். கொத்தனார் பின்னறைக் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்து வெளியே தூக்க ஆரம்பித்தார். அன்றே தொட்டிக்குப் போகிற குழாயை அடைத்தோம், அதுதான் தப்பாகிவிட்டதோ என்று நினைக்கிறேன். கொஞ்ச நாளில், குழந்தையை நீ படுக்க வைக்க நினைத்த மூலையில், சிமெண்டைப் பிளந்துகொண்டு கண்டல் மரங்கள் சேற்றுக்கு மேலே நீட்டுமே, அந்த மூச்சு வேர்கள் விரல் விரலாக எட்டிப் பார்த்தன, மிதித்தால் வளைந்து நிமிர்கின்றன. புதிதாக வருபவை எல்லாம் குளியலறைப் பக்கமாகவே வரிசை பிடிக்கின்றன.

அதனால் கடைத்தெருவில் மருந்துக்கடைக்கு மேலே மாடி வாடகைக்கு எடுத்து வந்துவிட்டோம். அறைகள் சின்னவை, காற்று நன்றாக வருகிறது, குழந்தைக்குப் போதும். அப்பா மட்டும் தினமும் பழைய வீட்டுக்குப் போய் அந்த மரத்தடியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறார். எதுக்கு இந்த வேலை என்று சத்தம் போட்டேன். குடிச்சுப் பழகினது, சட்டுனு நிறுத்தினா அடுத்து யாரு வீட்டைத் தேடிப் போகுமோ, மழை வர்ற வரைக்கும் ஊத்துறேன் விடு என்கிறார். வாளியைக் கவிழ்த்தால் மண் நனைவதே இல்லையாம்.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். குழந்தைக்குக் காய்ச்சி ஆறிய தண்ணீரே கொடு. நீங்கள் மூவரும் ஒரு குறையுமில்லாமல் நிறைவாக வாழ வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பது உன் பழக்கம், பழைய வீட்டுச் சாவியும் ஒன்று உன் கைப்பையில் இருக்கிறது, இந்தக் கடிதம் கிடைத்ததும் அதை எடுத்துத் தூர எறிந்துவிட்டு மறுவேலை பார்.

இப்படிக்கு,
உன் வரவை மாடிப்படியில் பார்த்திருக்கும்
அம்மா